முனிலட்சுமி டியூப் கட்டவில்லை

வீட்டில் கிடார் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, கிடார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெரிய ஆம்ப் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். 2003-இல் பெங்களூரிலிருந்து அறுபது வாட் ஆம்ப் ஒன்றை, பஸ்ஸில் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தேன். அத்திப்பள்ளி தாண்டும்போது பக்கத்து சீட்காரர் அது என்ன என்று கேட்டார். பாட்டுப் பெட்டி என்றேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனார்.

இன்ஸ்பெக்டர் சார், நான் சொல்ல வந்தது முனிலட்சுமியின் வலது கையைப் பற்றி. அதை மறந்துவிடவில்லை. ஆனால் ஆம்பிலிருந்து ஆரம்பித்தால்தான் கை எப்படிப் போனது என்பது உங்களுக்கு விளங்கும். ஏட்டு ஐயா தாராளமாக வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறார், டீயும் வந்துவிட்டது. எனவே அவசரப்படாமல் எழுதுகிறேன்.

என் பெயர் கௌதம். சொந்த ஊர் கோவில்பட்டி. சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். மிஷின்களின் கன்ட்ரோல் பேனல் கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாகலூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவி லாவண்யாவும் குடியிருக்கிறோம். எனக்குப் பெரும்பாலும் மதிய ஷிப்ட். காலை முழுவதும் கிடாருக்குத்தான்.

ஆம்ப் வந்த முதல் நாளே மாடி வீட்டுப் பார்வதியம்மா இறங்கி வந்து, "தம்பி, உங்க வீட்டு மிக்ஸில என்னமோ கோளாறு போல, பாத்துக்கப்பா" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பது எனக்கு அறவே பிடிக்காத காரியம். என்னைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அந்த மாதமே ஆம்பை விற்றுவிட்டு ஆம்ப் மாடலர் வாங்கினேன்.

அது டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே முப்பது வகை ஆம்ப்களின் குரலைக் கணக்குப் போட்டு அடைத்து வைத்திருப்பார்கள். குமிழைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாகப் பேசும். கிடார் ஒயரைப் பெட்டியில் செருகி, பெட்டியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் ஹெட்போனுக்குள் ஒரு மைதானமே அதிரும், வீட்டுக்குள் ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த லாவண்யாவுக்குக் கேட்டது கம்பியில் நகம் படுகிற சத்தம் மட்டும்தான். "இதுக்கா இம்புட்டு ஒயரு? கரப்பான் நடக்குத மாதிரில்லா கேக்கு," என்றாள்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். பெட்டிக்குள் எத்தனை ஆம்ப் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். சுத்தமாக ஒலிப்பது ஒன்று, கொஞ்சம் கரகரப்பது ஒன்று, இரண்டே போதும். மற்ற இருபத்தெட்டும் கடைக்காரர் பேசுவதற்காக இருப்பவை. எஃபெக்ட்களில் எதிரொலி தருவது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் நாய்ஸ் கேட் என்று ஒன்று உண்டு. எங்கள் கம்பெனி வாசல் செக்யூரிட்டி போலவே அது வேலை செய்யும். சின்னச் சத்தங்களை வெளியே நிறுத்தி வைக்கும், பெரிய சத்தம் வந்தால் சல்யூட் அடித்து உள்ளே விடும்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம் இருந்தது. நாராயணப்பனின் பிரஸ் ஷாப். ஐம்பது டன் பவர் பிரஸ் ஒன்று, இரும்புத் தகட்டை வைத்தால் ஒரே அடியில் கிளாம்பாக வெட்டித் தள்ளும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு பத்து வரைக்கும் டங், டங் என்று விழும். ஒவ்வொரு அடிக்கும் எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர்கள் அலமாரியில் லேசாக இடம் மாறும்.

எலக்ட்ரிக் கிடாருக்கு அதனால் பாதகமில்லை, மைக்கே வேண்டாமே. நைலான் கம்பி போட்ட மரக் கிடாருக்கு நான் மாறியபோதுதான் சங்கடம் வந்தது. அதற்கு மைக் வைத்தாக வேண்டும். மைக்குக்கு என் கிடாரும் நாராயணப்பனின் கிளாம்பும் ஒன்றுதான். ஜன்னலில் மெத்தையைச் சாத்தினேன். முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினேன். ஒரு வாரம் குளியலறையில் உட்கார்ந்து வாசித்தேன். மாடலரில் சின்ன அறை, பெரிய ஹால், கல் மண்டபம் எல்லாவற்றின் எதிரொலியும் இருக்கிறது. அமைதியை மட்டும் எந்தக் கம்பெனிக்காரனும் பெட்டிக்குள் அடைத்துத் தரவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். லாவண்யா தூங்க வேண்டாமா? பார்வதியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு. மின்வெட்டு நேரத்தில் செய்யலாமே என்றால், கரண்ட் போனால் பிரஸ் நிற்கும், என் கம்ப்யூட்டரும் சேர்ந்து நிற்கும். வீடு மாறியிருக்கலாமே என்பீர்கள். அந்த வீட்டில் தண்ணீர் நன்றாக வரும் சார்.

கடைசியில், பிரஸ்ஸின் தாளத்தையே வைத்துக்கொண்டு பாட்டு அமைத்தால் என்ன என்று அடிகளை எண்ண ஆரம்பித்தேன். அப்படித்தான் மிஷினில் இருக்கிற ஆட்களை முகம் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு அடி, நடுநடுவே பீடிக்கு ஒரு நிறுத்தம் என்றால் அது ராமப்பன். நிமிடத்துக்குப் பதினாலு, கொஞ்சமும் கூடாமல் குறையாமல் என்றால் முனிலட்சுமி. அவள் பேரிகை என்கிற ஊரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருவாள். எனக்குத் தெரிந்த எந்த டிரம்மரும் அவள் அளவுக்கு ஒழுங்காக அடித்ததில்லை.

வேகத்தில் ஏன் இந்த வித்தியாசம் என்று நாராயணப்பனிடமே கேட்டேன். பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு உள்ளங்கையால் சேர்த்து அழுத்தினால்தான் அடி விழும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அடியில் சிக்காது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் வேகமாகப் பீஸ் தள்ள வேண்டும் என்று, பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பட்டனை அழுத்தின வாக்கில் கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். அங்கே எல்லோரும் கட்டுவார்கள். முனிலட்சுமி மட்டும் கட்ட மாட்டாள். "அது ஒரு பயந்தாங்கொள்ளி சார்," என்று சொல்லி நாராயணப்பன் சிரித்தார்.

நாராயணப்பன் நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுவார், கன்னடத்தில் திட்டுவார், என்னிடம் தமிழ். உகாதிக்கு ஒப்பட்டு, அதாவது நம் போளி, சுட்டுத் தட்டில் வைத்து அனுப்புவார். காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மிஷினை நிறுத்தினால் எனக்கு உபகாரமாக இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்குங்க சார்?"

"கொஞ்சம் மியூசிக் ரெக்கார்ட் பண்ணணும்."

"ரெண்டு அவர் மிஷின் நின்னா கம்பெனிக்காரன் என்னைய நிக்கவெச்சு கேப்பான் சார். நீங்களே ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அட்ஜஸ்ட் செய்துகொண்டேன்.

2006 பிப்ரவரியில் ஒரு காலை, இருபத்திரண்டு அடித் தாளம் பாதியில் நின்றது. ராமப்பனுக்கு இடது ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. டியூப் கட்டியிருந்தான். இதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் பார்த்த மிஷினில் பூஜை போடாமல் உட்கார மாட்டோம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பூஜைக்கு அமாவாசைதான் தோது என்று பூசாரி சொன்னார். அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளை நான் எப்படிச் சொல்வேன் சார். முதல் நாள் மைக்கை வைத்துவிட்டு வாசிக்காமலே உட்கார்ந்திருந்தேன். கம்பியிலிருந்து விரலை எடுத்த பிறகும் நாதம் மிச்சமிருந்தது, மெல்லத் தேய்ந்து முடிகிற வரைக்கும் என்னால் கேட்க முடிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஐந்து நாளில் இரண்டு பாட்டு முடிந்தன. லாவண்யா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நெசமாவே நல்லாருக்குங்க," என்றாள். கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் என் வாசிப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. ஆறாவது நாள் பூசணிக்காய் உடைத்தார்கள். தம்ளர்கள் மறுபடி நகர ஆரம்பித்தன.

ராமப்பனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே கையால்தான் இன்றும் பீடி பற்றவைக்கிறான். அவனைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து நாள் ஞாபகம் வரும். இருந்தும் ஆறு மாதம் நான் எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தேன். வேறு யாராவது இருந்தால் அவ்வளவு பொறுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆகஸ்டில் நாராயணப்பன் என் வீட்டு வாசலுக்கே வந்தார். பிரஸ்ஸின் பேனலில் ரிலே ஒன்று போய்விட்டது, எலக்ட்ரீஷியன் ஊத்தங்கரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றார். ரிலே என்பது சின்ன ஸ்விட்ச். ஒரு அடி விழுந்ததும் போதும் என்று மிஷினை நிறுத்துவது அதுதான். என் டூல் பாக்ஸில் அதே மாதிரி ஒன்று கிடந்தது, எங்கள் கம்பெனியில் நானே சோதித்துக் கழித்துப் போட்டது. பத்தாயிரம் அடிக்கு ஒருமுறையோ ஐம்பதாயிரத்துக்கு ஒருமுறையோ அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் யாரும் பட்டனைத் தொடாமலே இன்னொரு அடி தானாக விழும். மிஷின் டபுள் அடிக்கிறது என்பார்கள்.

அதைப் போட்டேன். நாராயணப்பன் எனக்கு மோர் கொடுத்தார்.

நான் யாரையும் குறி வைக்கவில்லை. நாள் குறிக்கவும் இல்லை. அதையெல்லாம் ரிலேயிடம் விட்டுவிட்டேன். என் மனதில் இருந்தது ஒரு விரல் நுனி, ராமப்பன் அளவுக்கு. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. இரண்டு கையாலும் ஒழுங்காக அழுத்துகிறவளைக்கூட டபுள் அடி விடாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். அடி விழுந்து முடிந்தது என்று நம்பித்தானே அவள் வெட்டின பீஸை எடுக்கக் கையை உள்ளே விடுவாள். ஆனால் மிஷினில் அவள் ஒருத்தி மட்டுமா இருந்தாள்? பகலில் பாதிக்கு மேல் மற்றவர்கள்தான் நின்றார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. மைக் திறந்திருந்தது, கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டிருந்தது. நிமிடத்துக்குப் பதினாலு. பதினாலு. பதினாலு. அப்புறம், வர வேண்டிய நேரத்துக்கு முன்னால் ஒரு அடி. பதிவில் அந்த ஒன்று மட்டும் மற்ற அடிகளைவிடக் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும்.

முதலில் ஓடிப் போனவன் நான். சுவரேறிக் குதித்தேன். மெயினை அணைத்தது, மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றி அச்சை மேலே தூக்கியது, துண்டை எடுத்து அவள் கையில் சுற்றியது எல்லாம் நான்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நாலு விரலும் உள்ளங்கையில் பாதியும் போயிருந்தன. அவள் அழவில்லை. நாராயணப்பன் முகத்தைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நா கட்டல. பாருங்ணா, நா டியூப் கட்டல," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள், எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் உள்ளே போய் பேனலைத் திறந்து, என் ரிலேயை எடுத்துவிட்டு நல்லது ஒன்றைப் போட்டேன்.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வு அதிகாரிகள் வந்தபோது பேனலைப் பார்த்தவன் என்ற முறையில் என்னையும் கேட்டார்கள். பேனல் நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்றேன். இங்கே டியூப் கட்டுகிற பழக்கம் உண்டு என்றேன். அந்த நேரத்தில் இரண்டுமே உண்மை. இடப்பக்கப் பட்டனுக்குக் கீழே, முந்தின ஷிப்ட்காரன் கட்டி அவிழ்த்த டியூப் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஷாப்புக்குப் பதினொரு நாள் சீல். எனக்கு மூன்று பாட்டு முடிந்தன. அதில் நடுப்பாட்டு, நான் இதுவரை வாசித்ததிலேயே சிறந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் முனிலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்திருந்தாள். லாவண்யா அவளை உட்காரவைத்து, தம்ளரை இடது கைக்கு வசதியாக நகர்த்தி வைத்து, காப்பி கொடுத்தாள்.

"வேல போனது போவட்டும்ணா," என்றாள். "எங்க ஊட்டுக்காரு தெனமும் கேக்கறாரு, வேகத்துக்கு ஆசப்பட்டுக் கட்டிட்டு இப்ப பொய் சொல்றியான்னு. தெருவுலயும் அதே பேச்சு. எம் பொண்ணு கூட கேக்குது, ஏம்மா கட்டுனேன்னு. நீங்க பொட்டிய தொறந்து பாத்தவரு. மிஷின் தப்பு, இவ கட்டலேன்னு நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா நம்புவாங்கணா."

"பாத்தேம்மா. பேனல்ல ஒண்ணும் இல்லியே," என்றேன்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப, நாந்தான் கட்டிட்டு மறந்துட்டனா?"

"மத்தவங்க கட்டறதப் பாத்துப் பாத்து, சில நேரம் கை தானா செஞ்சிரும்மா. யாருக்கும் நடக்கும்."

"இருக்கும்ணா," என்றாள். "எல்லாரும் சொல்றாங்கன்னா இருக்கும்." எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை. கிடாரைத் தொடவே இல்லை. இரக்கமில்லாதவன் என்றால் அப்படி ஒரு நாளை விட்டிருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

விபத்து நடந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று ஏட்டு ஐயா கேட்டார். உண்மையை எத்தனை நாள்தான் நெஞ்சுக்குள் வைத்திருப்பது. ஒரு பெண் தான் செய்யாததைத் தானே செய்ததாக நம்பிக்கொண்டிருக்கிறாள், அது பெரிய பாவம் இல்லையா? அவளை நினைத்துத்தான் வந்தேன். இதோடு இரண்டு பொருள் தருகிறேன். ஒன்று அந்த ரிலே. மற்றது ஒரு சிடி, அன்று காலைப் பதிவு அப்படியே இருக்கிறது. அதில் நிமிடத்துக்குப் பதினாலு அடிதான் விழுகிறது. டியூப் கட்டியிருந்தால் இருபதுக்குக் குறையாது. காது இருக்கிற யாருக்கும் புரியும், முனிலட்சுமி டியூப் கட்டவில்லை. ரிலேயைப் போட்டது நான், எடுத்தது நான், அவளே கட்டியிருப்பாள் என்று அவளையே நம்பவைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

போன மாதம் நாராயணப்பன் புதிதாக இரண்டு பிரஸ் இறக்கியிருக்கிறார். மூன்றும் மூன்று தாளத்தில் அடிக்கின்றன. இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். ஆல்பத்துக்கு ஆறு பாட்டு, ஐந்து முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பொதுவாக விசாரித்தேன். தானாக வந்து ஒப்புக்கொண்டவன், நிரந்தர வேலை, ஓடிப்போகிற ஆள் இல்லை, பத்துப் பதினைந்து நாளில் ஜாமீன் கிடைக்கலாம் என்றார். வெறும் விபத்துக்கே பதினொரு நாள் மூடினார்கள். இது குற்றம், விசாரணை முடிய எப்படியும் ஒரு மாதம் ஆகும். மிச்சமிருக்கிற பாட்டுக்கு எனக்கு நாலு நாள் போதும்.

முனிலட்சுமிக்கும் ஊர் வாயை அடைத்த மாதிரி இருக்கும். இதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள் சார். சீல் வைக்கும்போது மூன்று பிரஸ்ஸுக்கும் சேர்த்து வையுங்கள். பழையதை மட்டும் மூடிவிட்டுப் போனால், நான் இவ்வளவு தூரம் வந்து எழுதிக் கொடுத்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும்.